போர்வைக்கு மேல் படுத்தவர்

சிறு வயதில் செய்யூரிலிருந்து சதுரங்கப்பட்டினம் போவது எனக்குப் பெரிய பிரயாணம். என் தாய்மாமன்தான் அழைத்துப் போவார். எங்கள் ஊர் உப்பளங்களையும் கழிமுகத்தையும் தாண்டி, பஸ் மாறி, கடைசியில் சவுக்குத் தோப்புகளின் ஓரமாக நடந்து டச்சுக்காரர் கோட்டைக்குப் போய்ச் சேருவோம். கோட்டைக்குள்ளேயே ஒரு சின்ன இடுகாடு இருக்கிறது. பெரிய பெரிய கருங்கல் பலகைகள். அவற்றில் கப்பல், மண்டையோடு, குடும்பச் சின்னங்கள் எல்லாம் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கும். டச்சு மொழி எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. வருஷத்து எண்களை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

"கப்பல்ல வந்தவங்கடா. துணி வாங்கி விக்க வந்தாங்க. திரும்பிப் போவ முடியாம இங்கேயே மண்ணாயிட்டாங்க" என்றார் மாமா.

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா மாமா?" என்று நான் கேட்டேனாம்.

"கடுதாசி போட்டிருப்பாங்க. போய்ச் சேர எத்தினி மாசமோ."

அந்தக் காலத்தில் ஹாலந்திலிருந்து கப்பல் கீழ்த்திசைக்கு வந்து சேரச் சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். மகன் செத்த செய்தி தாய்க்குக் கிடைக்கும்போது அவன் கல்லறையில் புல் முளைத்திருக்கும். 1824ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி டச்சுக்காரர்கள் இந்தக் கரையை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கல்லுக்கடியில் இருந்தவர்கள் மட்டும் போகவில்லை.

இந்த ஞாபகத்தை நான் பல வருஷம் தூக்கித் திரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பதினேழு வயதில் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். செய்யூருக்கும் சென்னைக்கும் நூறு கிலோமீட்டருக்குள்தான் தூரம். சனிக்கிழமை பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. ஆனாலும் விடுதியில் முதல் மாதம் நான் பட்ட பாட்டை இன்று சொன்னால் சிரிப்பாக இருக்கும். சோற்றில் சோடா வாடை. பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் நல்லவன்தான். ஆனால் அவன் நல்லவனாக இருந்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு குழாயடியில் முகம் கழுவுகிறவன் போல நின்றுகொண்டு அழுவேன். இரண்டு வருஷம் ஓட்டினேன். மூன்றாம் வருஷம் போகவில்லை. வீட்டில் பணமுடை என்று காரணம் சொன்னேன். அது பாதி நிஜம். மற்றப் பாதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஊர் நினைவு என்பது ஒரு வியாதி என்று முதலில் எழுதிவைத்தவன் ஒரு மாணவன். 1688ஆம் வருஷம் ஸ்விட்ஜர்லாந்தில் பாசல் நகரத்துச் சர்வகலாசாலையில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற வைத்திய மாணவன் தன் ஆராய்ச்சி ஏட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்தான். வீடு திரும்புதல் என்பதற்கு ஒரு கிரேக்கச் சொல், வலி என்பதற்கு ஒரு கிரேக்கச் சொல். இரண்டையும் ஒட்டி 'நாஸ்டால்ஜியா' என்றான். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பழைய சினிமாப் பாட்டு கேட்டு உருகுவதற்கெல்லாம் உபயோகிக்கிறார்கள். அவன் சொன்னது அதுவல்ல. சோறு இறங்காமல், தூக்கம் வராமல், காய்ச்சல் கண்டு, ஆள் இளைத்துச் சாகவும் கூடிய நோய் என்றான். வீட்டுக்கு அனுப்புவதே மருந்து என்றும் சொன்னான். பின்னால் வந்த இன்னொரு ஸ்விஸ் பண்டிதர், ஷாய்க்ஸர் என்று பெயர், மலைநாட்டார் சமவெளிக்கு இறங்கினால் அங்கே காற்று கனமாக அழுத்துகிறது, ரத்தம் ஓடமாட்டேன் என்கிறது, அதுதான் ஏக்கத்துக்குக் காரணம் என்று விளக்கினார்! படித்தவர்கள் ஒரு துக்கத்துக்குக் காரணம் தேடக் கிளம்பினால் காற்று, நீர், சோறு எல்லாவற்றையும் சொல்வார்கள். ஆளை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நம் நாட்டில் இந்த வியாதியின் கதையைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு ஒருவர்தான் ஞாபகம் வருகிறார். கணித மேதை ராமானுஜன். அவருடைய கணக்கைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எனக்கு அது தெரியாது. கேம்பிரிட்ஜில் அவர் இருந்த அறையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டி வீட்டில் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். இடையில் பிறந்த குழந்தைகள் தக்காமல் போனதால் பத்து வயது வரைக்கும் ஒற்றைப் பிள்ளை. தாயார் கோமளத்தம்மாளுக்கு அவர்தான் உலகம். கல்லூரிப் பரீட்சைகளில் தவறி, வேலைக்கு அலைந்து, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், ஹார்டி பிரமித்துப்போய் வரச் சொன்னதும் எல்லாரும் அறிந்த கதை. முதலில் அவர் மாட்டேன் என்றார். கடல் கடந்தால் ஜாதிக் கட்டு உண்டு. தாயார் சம்மதமும் இல்லை. பிறகு நெவில் என்ற இளம் பேராசிரியர் சென்னைக்கு வந்தபோது பார்த்தால் ஆளே மாறியிருந்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் கோமளத்தம்மாளின் கனவில் வந்து, பிள்ளையைத் தடுக்காதே என்று கட்டளையிட்டதாகச் சொல்வார்கள். கனவை ஆராய்வது என் வேலையல்ல. எந்தத் தாயும் வேறு எதற்கும் சம்மதித்திருக்கமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

குடுமியை எடுத்தார்கள். கால்சட்டையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று அவர்களை முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டாராம். 1914 மார்ச் 17ஆம் தேதி 'நெவாஸா' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14இல் லண்டன். நம் வருஷப் பிறப்பை ஒட்டிய நாள். அதை எண்ணி அவர் மனசு என்ன பாடுபட்டதோ!

சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அதில் 50 பவுன் ஊரில் குடும்பத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார். டிரினிட்டி கல்லூரி 60 பவுன் கொடுத்தது. ஆகையால் பணத்துக்குக் குறைவில்லை. முதலில் சில வாரம் நெவில் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு கல்லூரியைச் சேர்ந்த ஹியூவெல்ஸ் கோர்ட்டில் ஓர் அறைக்குக் குடிபோனார்.

அந்த அறையில் நடந்த ஒரு சம்பவத்தைப் புள்ளியியல் அறிஞர் மஹலானபிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவரும் கேம்பிரிட்ஜில் மாணவர். குளிர்காலம் வந்துவிட்டது. ராத்திரி குளிர் தாங்கவில்லை, மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் நடுக்குகிறது என்றார் ராமானுஜன். போதுமான கம்பளி இருக்கிறதா என்று பார்க்க மஹலானபிஸ் படுக்கையறைக்குள் போனார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. அதை நெம்பித் திறந்து உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. அத்தனை கம்பளிக்கும் மேலே படுத்து அவர் இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார்.

இதை நான் முதலில் படித்தபோது சிரித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு டிசம்பரில், என் அக்காள் மகன் அழைத்து இங்கிலாந்து போய் முப்பது நாள் இருந்தேன். வழியில் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்க நேர்ந்தது. வெள்ளை விரிப்பு பலகை போல இறுகிக் கிடந்தது. கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். எங்கே கையை விடுவது என்று புரியவில்லை. கீழே இறங்கி அங்கே இருந்த பெண்ணிடம் கேட்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? நாற்பது வயது தாண்டியவன், நாலு நாவல் எழுதியவன், 'எப்படியம்மா படுப்பது?' என்று கேட்க முடியுமா? அன்று ராமானுஜன் கதை ஞாபகம் இருந்ததால் பிழைத்தேன். அவருக்கு முன்னால் யாருடைய கதையும் இல்லை. கேட்பதற்கும் கூச்சம். புதிய இடத்தில் பாதிக் கஷ்டம் இந்தக் கூச்சத்தால்தான் வருகிறது. தெரியாத விஷயம் சின்னதாக இருக்க இருக்க அதைக் கேட்பது கடினமாகிவிடுகிறது.

பூட்ஸ் அவர் காலைக் கடித்தது. அறையில் செருப்போடுதான் இருப்பார். கல்லூரிப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சாப்பிடுவதில்லை. அறையிலேயே தம் கையால் சமைத்துக்கொள்வார். உடை மாற்றாமல் அடுப்பைத் தொடமாட்டார் என்று ஹார்டி எழுதியிருக்கிறார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து தபாலில் வரும். 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. பால், காய்கறி எல்லாம் கிராக்கியாயின. கடலில் கப்பல்கள் மூழ்கின. பார்சல் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாயிற்று.

ரசம் வைப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு போலிருக்கிறது. சட்டர்ஜி என்ற வடநாட்டு நண்பரையும், அவர் மணக்க இருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் ஒருநாள் விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்துப் பரிமாறினார். ரசம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வார்த்தார். மூன்றாம் தடவை பெண்கள் போதும் என்றார்கள். பேச்சு தொடர்ந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் விருந்தளித்தவரைக் காணோம். காத்திருந்து பார்த்து அவர்கள் போய்விட்டார்கள். மறுநாளும் ஆள் இல்லை. நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து சட்டர்ஜிக்குத் தந்தி வந்தது, ஐந்து பவுன் அனுப்பச் சொல்லி. திரும்பி வந்த பிறகு சொன்னாராம்: நான் பரிமாறியதை வேண்டாம் என்றார்கள், மனசு தாங்கவில்லை, கையிலிருந்த பணத்துக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன் என்று.

வெள்ளைக்காரருக்கு மேதையின் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றாது. கும்பகோணத்து வீட்டில் இலையில் போட்டதை வேண்டாம் என்று விருந்தாளி சொன்னால் வீட்டுக்காரி முகம் எப்படி ஆகும்! அவர் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரே ஒரு பாத்திரத்தில் தம் வீட்டைக் கொதிக்கவைத்து வார்த்திருக்கிறார். அதைத்தான் போதும் என்றார்கள்.

குளிரும் சைவச் சாப்பாடும் ராமானுஜனைக் கொன்றன என்பது நம் பள்ளிப் புத்தகங்களின் அபிப்பிராயம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. 1914, 1915, 1916 மூன்று குளிர்காலங்களிலும் குளிர் இருந்தது, சோற்றுக் கஷ்டமும் இருந்தது. அந்த நாட்களில்தான் அவர் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டார். 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டமும் பெற்றார். 1917 வசந்தத்தில்தான் படுக்கையில் விழுந்தார். இடையில் என்ன நடந்தது?

கடிதங்கள் நடந்தன. அல்லது, நடக்கவில்லை. மனைவி ஜானகிக்கு அவர் கப்பல் ஏறும்போது பதினைந்து வயதுதான் இருக்கும். 1909இல் கல்யாணம் நடந்தது. சேர்ந்து வாழ்ந்தது மிகச் சொற்பம். அவர் ஜானகிக்கு எழுதிய கடிதங்கள் ஜானகி கைக்குப் போகவில்லை. ஜானகி எழுதியவை அவரிடம் வரவில்லை. மாமியார் நடுவில் நிறுத்திவிட்டார் என்பது ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொன்னதிலிருந்து தெரிகிறது. ஜானகி மாமியார் வீட்டை விட்டுத் தம் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். ஏன் போனாள், எங்கே போனாள் என்று கேம்பிரிட்ஜ் அறையில் இருந்தவருக்கு எதுவும் புரியவில்லை. முதலில் வீட்டுக்கு அடிக்கடி எழுதிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1917இல் அநேகமாக எழுதுவதையே விட்டுவிட்டார். இவ்வளவையும் ஹார்டியிடம் அவர் வெகுநாள் வரைக்கும் வாய் திறந்து சொல்லவில்லை. ஹார்டியும் கேட்கிற சுபாவக்காரர் அல்ல. தினமும் கணக்குப் பேசிய இரண்டு பேர், ஒருவர் வீட்டைப் பற்றி மற்றவர் அறியாமலே இருந்திருக்கிறார்கள்.

கோமளத்தம்மாளை வில்லியாக்கிக் கதை எழுதுவது சுலபம். நாவலாசிரியனுக்கு அந்தச் சபலம் உண்டு. ஆனால் அவள் பக்கமும் ஒன்று இருக்கிறது. பெற்ற பிள்ளையைக் கனவின் பேரில் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, கையில் மிச்சமிருப்பது அவனுடைய கடிதம் ஒன்றுதான் என்றால், அதைப் பங்கு போட மனசு வருமா? வந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். வரவில்லை.

வைத்தியர்கள் க்ஷயம் என்று நினைத்தார்கள். அந்தக் காலத்தில் க்ஷயத்துக்கு மருந்து திறந்த காற்று. ஜன்னலைத் திறந்துபோட்டு நோயாளியைக் குளிரில் கிடத்துவார்கள். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு என்று போய், மாட்லாக் என்ற மலைப்பாங்கான ஊரில் நெடுநாள் கிடந்தார். அங்கிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி வருகிறது. குளிக்கும் அறைகள் மட்டும்தான் கதகதப்பாக இருக்கின்றன. தினம் ஒரு மணி நேரம் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து கணக்கு எழுதப் போகிறேன் என்கிறார். போர்வைக்கு மேல் படுத்தவர் நாலு வருஷம் கழித்து அந்தத் தேசத்தில் தமக்கென்று ஒரு சூடான மூலையைக் கண்டுபிடித்துவிட்டார்.

1918ஆம் வருஷத் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் அவர் குதித்தார். ஒரு காவலாளி பார்த்து விசையை இழுக்க, வண்டி சில அடி தூரத்தில் நின்றது. கால்களில் பலமான காயம். தற்கொலை முயற்சி அன்று குற்றம். ஹார்டி போலீஸாரிடம் போய், இவர் ராயல் சொஸைட்டி அங்கத்தினர், இவரைக் கைது செய்யக் கூடாது என்று வாதாடினார். அப்போது அது முழு உண்மை அல்ல. ஆனால் மே 2இல் உண்மையாகிவிட்டது. அக்டோபரில் டிரினிட்டியும் அங்கத்தினர் பதவி அளித்தது. அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர். இந்தச் சுரங்க ரயில் சம்பவத்தை விஞ்ஞானி சந்திரசேகர் பின்னாளில் வெளியிட்டபோது நம்மில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். மகானுக்கு இழுக்கு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழாயடியில் நின்று அழுதவனுக்கு, அவ்வளவு பெரியவரும் ஒருநாள் தாங்கமுடியாமல் போனார் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்!

வியாதியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1994இல் யங் என்ற ஆங்கில மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் பார்த்து, அது க்ஷயமே அல்ல, ஈரலைத் தாக்கும் அமீபா நோய் என்று முடிவு கட்டினார். 1906இல் சென்னையில் ராமானுஜனுக்குச் சீதபேதி கண்டதே, அப்போது உடம்பில் புகுந்து ஒளிந்திருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அப்படியானால் குளிர் பாவம், சோறும் பாவம். அவரைக் கொன்ற நோய் அவரோடு 'நெவாஸா'வில் நம் ஊரிலிருந்தே போயிருக்கிறது. முன்கூட்டித் தெரிந்திருந்தால் அக்காலத்து மருந்தாலேயே குணப்படுத்தியிருக்க முடியும் என்கிறார்கள். உடம்பு நோகிறது என்று விவரமாகச் சொல்ல அவருக்கு யார் இருந்தார்கள்?

என் அக்காள் மகனோடு ரயிலில் கேம்பிரிட்ஜ் போய் அந்தக் கட்டடத்தை வெளியில் நின்று பார்த்தேன். சாதாரணக் கல் கட்டடம். சைக்கிள்கள் சாத்தியிருந்தன. "உள்ளே போய்க் கேட்டுப் பார்க்கலாமா மாமா?" என்றான் பையன். வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலம் வீட்டில் அவன் கைபேசியில் அக்காள் முகம் தெரிந்தது. "இன்னாடா, சாப்டியா? மாமாவுக்கு இன்னா செஞ்ச?" என்று செய்யூர் வீட்டுக் கூடத்திலிருந்து கேட்டாள். பின்னால் கொடியில் காய்ந்த துணி தெரிந்தது. அவன் பத்து வருஷமாக அங்கே இருக்கிறான். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். "இப்ப வருது மாமா" என்றான். அந்த 'இப்ப'வைப் பற்றி நான் மேலே கேட்கவில்லை.

ராமானுஜன் 1919 பிப்ரவரி 27இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி மார்ச்சில் பம்பாயில் இறங்கினார். அழைத்துப் போகத் தாயார் வந்திருந்தார். ஜானகி எங்கே என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். ஜானகி பிறகு சென்னையில் வந்து சேர்ந்துகொண்டார். கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சென்னை சேத்துப்பட்டு. உடம்பு எலும்பாகிவிட்டது. ஆனால் கணக்கு நிற்கவில்லை. 1920 ஜனவரி 12இல் ஹார்டிக்கு ஒரு புதுக் கண்டுபிடிப்பை எழுதினார். அந்த வருஷத்துத் தாள்கள் டிரினிட்டி நூல் நிலையத்தில் கிடந்து 1976இல் அகப்பட்டன. கணித உலகம் இன்னும் அவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

1920 ஏப்ரல் 26இல் அவர் காலமானார். வயது முப்பத்திரண்டு.

ஜானகி அம்மாள் 1994 வரைக்கும் இருந்தார். திருவல்லிக்கேணியில் வெகுகாலம் தையல் வேலை செய்து ஜீவனம் நடத்தினார். அந்தக் கடைசி வருஷத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறார். வேளைக்கு வேளை சோறும் எலுமிச்சை ரசமும் மோரும் கொடுத்ததையும், வலி கண்டபோது காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் போட்டதையும் தம் பாக்கியமாகச் சொன்னார். நீயும் என்னோடு வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று அவர் அடிக்கடி சொல்வாராம். அன்று வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள் மட்டும் முதிர்ந்த வயதிலும் ஜானகி அம்மாளிடம் இருந்தன.